செவலை மாடும் படிக்க மறுத்த ஹார்ட் டிஸ்க்கும்

எனக்கு மோட்டார் தெரியும். தண்ணீர் இறைக்கிற மோட்டார். காயில் எரிந்தால் பிரித்துச் சுற்றுவேன். பேரிங் போனால் மாற்றுவேன். ஒரு கோளாறும் இல்லாமல் ஓடாமல் நின்றால், மோட்டாரை விட்டுவிட்டு அதன் சொந்தக்காரனைத் திட்டுவேன். பாதிக்கு மேல் பழுது அவனிடம்தான் இருக்கும். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே சாலையோரத்தில் பட்டறை, பட்டறைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. இவ்வளவுதான் என் உலகம். இதற்குள் கம்ப்யூட்டர் சமாசாரம் வந்தது என் தங்கச்சியால்.

அவள் மாட்டு டாக்டருக்குப் படித்தாள். அது போதாதென்று அதற்கு மேலே ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்தாள். எங்கள் வகையறாவில் அதற்கு முன் எல்லாரும் அடுத்தவன் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். அதனால் ஊரில் நாலு பேர் என்னிடம் வந்து, "தங்கச்சி என்ன ஆராய்ச்சி பண்ணுது?" என்று கேட்பார்கள். "மாடு மெல்றத எண்ணுது" என்பேன். அவளுக்குக் கோபம் வரும். ஆனால் நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

வைக்கோலில் யூரியா கரைத்த தண்ணீரைத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடி வைத்துப் போட்டால், மாடு அதைச் சீக்கிரம் மென்று அதிகமாகப் பால் கறக்குமா? இதுதான் அவளுடைய கேள்வி. ஆறு வீடுகளில் வீட்டுக்கு இரண்டு மாடு எடுத்துக்கொண்டாள். ஒன்றுக்குப் பக்குவப்படுத்திய வைக்கோல், இன்னொன்றுக்குச் சும்மா வைக்கோல். தவிடு, புண்ணாக்கு எல்லாம் இரண்டுக்கும் ஒரே அளவு, அவள் கையால் நிறுத்துப் போடுவாள். வேறு யாரும் ஒரு பிடி புல் கூடப் போடக் கூடாது. கொட்டகைத் தூணில் கேமரா. மாடு மெல்லுவது, அசைபோடுவது எல்லாம் அதில் பதியும். இரண்டு மாதம்.

எங்கள் வீடு ஆறாவது வீடு. எங்கள் கறுப்பு மாட்டுக்குப் பக்குவ வைக்கோல். செவலைக்குச் சும்மா வைக்கோல்.

இரண்டு மாதமும் முடிந்து, பதிவு எல்லாவற்றையும் சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தாள். பால் கணக்கைப் பார்த்த அவளுடைய பேராசிரியர் ஒரு நாள் கூப்பிட்டிருக்கிறார். ஐந்து வீட்டில் கணக்கு ஒழுங்காக வந்திருக்கிறது. ஆறாவது வீட்டில் மட்டும் சும்மா வைக்கோல் தின்ற மாடு, பக்குவ வைக்கோல் தின்ற மாட்டுக்குச் சமமாகக் கறந்திருக்கிறது. "இது எப்படிம்மா?" என்று கேட்டிருக்கிறார். "அந்த வீட்டு வீடியோவக் கொண்டு வந்து போட்டுக் காட்டு. பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்று சொல்லிவிட்டார். காட்டாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இன்னொரு வருடம்.

சனிக்கிழமை காலையில் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம் வாயேன். ஹார்ட் டிஸ்க்கப் படிக்க முடியல."

"இவ்வளவு படிச்ச உன்னாலயே முடியலன்னா நான் வந்து என்னத்தப் படிக்கிறது?"

"விளையாடாத. அழுதுருவேன்."

அவள் அழுகிற ஆள் இல்லை. கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட மாட்டின் வயிற்றுக்குள் தோள்பட்டை வரை கையை விட்டுத் திருப்பி இழுக்கிறவள். எழுந்து போனேன்.

லேப்டாப்பில் கோப்புகளின் பெயர் எல்லாம் தெரிந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்துப் போட்டால் கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு நின்றது. பிறகு ஒரு பெட்டி வந்தது. 'டேட்டா எரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று படித்துக் காட்டினாள்.

"அப்டின்னா?"

"எழுதுனது ஒண்ணு, படிக்கிறப்ப வர்றது ஒண்ணு. ரெண்டும் ஒத்துவரலைன்னு அர்த்தம்."

"அதத்தானே உங்க ப்ரொபசரும் சொல்றாரு."

முறைத்தாள். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை டிஸ்க்கின் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்தேன். எந்த மோட்டாரையும் நான் முதலில் அப்படித்தான் கேட்பேன்.

"அண்ணே, அது மோட்டார் இல்ல."

"உள்ள என்னா இருக்கு?"

"தட்டு. சுத்தும்."

"எது சுத்த வைக்குது?"

"மோட்டார்தான்" என்றாள்.

"அப்ப மூடிட்டு இரு."

உள்ளே சத்தம் மெல்ல ஏறியது. உச்சிக்குப் போகும் நேரத்தில் 'டிக், டிக்' என்று இரண்டு தட்டு. சத்தம் இறங்கிப் படுத்துவிட்டது. மறுபடியும் ஏறியது, தட்டியது, படுத்தது. இந்த மாதிரி உறுமலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "பேரிங் போச்சு" என்று சொல்லிவிட்டேன். இருபது வருட அனுபவம் உள்ளவன் வாயைத் திறந்தால் தப்பாகச் சொல்ல மாட்டான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அன்றைக்கு அது கெட்டது.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார். என் அக்கா வீட்டுக்காரர். அடுத்த தெருவில் வீடு. தினமும் டீ குடிக்கவும் போனுக்குச் சார்ஜ் போடவும் எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் வீட்டிலும் கரண்டு இருக்கிறது. ஆனால் அங்கே அக்கா இருக்கிறாள்.

"ஈரம் ஏறியிருக்கும் மாப்ள. ஐப்பசி மழை. போனு தண்ணில வுழுந்தா அரிசிக்குள்ள போட்டு வைப்பாங்கல்ல? ஒரு ராத்திரி போட்டு வைங்க, எல்லாம் உறிஞ்சிரும்."

"மாமா, இது தண்ணிலயே விழல" என்றாள் தங்கச்சி.

"விழணும்னு இல்லம்மா. காத்துலயே ஈரம் இருக்கே."

அவரை நாங்கள் இருவரும் மதிக்கவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்ததைக் கவனிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜையில் டிஸ்க் இல்லை.

"நெல்லுக்குள்ள வச்சிருக்கேன்" என்றாள் அம்மா, ஏதோ நல்ல காரியம் செய்தவள் போல.

"மச்சான் அரிசின்னுதானே சொன்னாரு?"

"அரிசில வண்டு கெடக்குடா. உள்ள பூந்துரும். அதான் நெல்லுல வச்சேன். நெல்லுக்குள்ள இருக்கிறது அரிசிதானே?"

எந்த நெல் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. எங்களுக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். அதில் குறுவை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனதில், ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பிய மூட்டைகள் நடையில் அடுக்கிக் கிடந்தன. அம்மா கையை நீட்டியது அந்தப் பக்கம்தான்.

"அம்மா, அந்த மூட்டைய ஏன் திருப்பி அனுப்புனாங்க?"

"ஈரமாம்."

"எவ்ளோ?"

"இருவத்திரண்டுன்னு அவன் மிசினு காட்டுச்சாம்."

"ஈரம்னு திருப்பி அனுப்புன நெல்லுலயா ஈரம் போறதுக்கு வச்ச?"

அம்மா இடுப்பில் கை வைத்தாள். "அது ஈரம்னு யாருடா சொன்னது? மூணு நாளு ரோட்டுல கொட்டி, ஒரு வண்டிய விடாம நின்னு காய வச்ச நெல்லு. கடிச்சா டக்குன்னு ஒடையுது. அவன் மிசினு கோளாறு. ஒங்க டப்பாவுக்காக என் நெல்லு ஈரம்னு நான் ஒத்துக்கணுமா?"

அவளைப் பொறுத்தவரை இது டிஸ்க் விவகாரமே இல்லை. கொள்முதல் நிலையத்துக்கும் அவளுக்கும் நடக்கிற வழக்கு. டிஸ்க் அதில் ஒரு சாட்சி.

மூட்டையைப் பிரித்துக் கையை விட்டேன். ஈர நெல் மூட்டைக்குள் சூடு பிடித்துக் கிடந்தது. டிஸ்க் வியர்த்துப்போய் வெளியே வந்தது. கேபிள் செருகுகிற ஓட்டைக்குள் பதர். தங்கச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவளுக்கும் சேர்த்து நானே கத்தினேன். அம்மா என்னைவிட நன்றாகக் கத்தினாள்.

பழைய பல் பிரஷ்ஷால் பதரைத் தட்டி எடுத்தேன். சுற்றி முடித்த காயிலுக்கு வார்னிஷ் அடித்துக் காய வைக்க, குண்டு பல்பு போட்ட மரப்பெட்டி ஒன்று பட்டறையில் உண்டு. அதில் பல்புக்குத் தள்ளி வைத்து, அன்று பகல் முழுவதும் காய விட்டேன். சாயந்திரம் செருகிப் பார்த்தோம். அதே உறுமல். அதே டிக், டிக். நெல்லால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "பாத்தியா, நெல்லு காஞ்சுதான் இருந்துருக்கு" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். கம்ப்யூட்டர் சரிசெய்கிற கடை ஒன்றில், மேஜையில் வரிசையாகச் செருகிக் கிடந்த பத்துச் சாமானுக்கு நடுவே டிஸ்க்கையும் செருகினான் கடைக்காரன். காதைக்கூடக் கொடுக்கவில்லை.

"கிளிக் சத்தம் கேக்குது சார். முடிஞ்சுது."

"என்னா பண்ணலாம்?"

"ஃபார்மட் பண்ணித் தரேன். புதுசு மாதிரி ஓடும்."

"உள்ள இருக்கிறது?"

"அது போயிடும்."

"உள்ள இருக்கிறது போனா அந்த டப்பாவ வச்சு நான் என்ன, சோப்பு போட்டுக் குளிக்கவா?"

திரையில் ஒரு பெட்டி வந்தது. டிஸ்க்கில் கோளாறு இருக்கிறது, சோதித்துச் சரிசெய்யவா என்று அது கேட்டதாம். அவன் அமுக்கப் போனான். தங்கச்சி அவன் கையை எட்டிப் பிடித்துவிட்டாள். அடிபட்ட டிஸ்க்கில் சரிசெய்கிறேன் என்று மறுபடி எழுதினால், இருப்பதும் அழிந்துவிடும் என்று அவளுடைய தோழி ஒருத்தி போனில் சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள்.

அவன் கையை உருவிக்கொண்டு, "அப்படி என்ன மேடம் இருக்கு உள்ள? கல்யாண வீடியோவா?" என்றான்.

"மாடு."

"மாடா?"

"மாடு மெல்றது. ரெண்டு மாசம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இன்னொரு வருஷம்ணே. மறுபடியும் ஆறு வீடு, பன்னெண்டு மாடு. முடியுமான்னு தெரியல" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. அந்த டிஸ்க் செத்துப்போனால் எனக்கு நல்லது. ஏனென்றால் செவலைக்கு நான் திருட்டுத்தனமாகப் புண்ணாக்குப் போட்டிருந்தேன். கறுப்பு பக்குவ வைக்கோலைப் பஞ்சு மாதிரி மென்று கொண்டிருக்கும். செவலை கயிறு மாதிரி வைக்கோலைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்க்கும். தங்கச்சி கல்லூரிக்குப் போன பிறகு ஒரு நாள் ஒரு பிடி போட்டேன். இன்னொரு நாள் போட்டேன். மொத்தம் நாலு நாள் இருக்கும். கேமராவில் பச்சை விளக்கு எரியாத நேரம் பார்த்துத்தான் போட்டேன். ஆனாலும் அந்தக் கேமராவை முழுசாக நம்ப முடியவில்லை. ஆறாவது வீட்டுக் கணக்கு ஏன் உதைக்கிறது என்று அந்தப் பஸ்ஸில் இருந்த எங்கள் இரண்டு பேரில் ஒருவனுக்குத் தெரியும். அவன் ஒரத்தநாடு வரும் வரை வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு விவசாயி வந்து, மோட்டார் ஸ்டார்ட் எடுக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். வயலுக்குப் போனேன். சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது, கொஞ்சம் ஏறியது, முடியாமல் படுத்தது. மறுபடி உறுமியது, படுத்தது. மீட்டர் பெட்டி ஒரு கோடியில், மோட்டார் மறு கோடியில். நடுவில் நூல் மாதிரி ஒரு வயர், மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டது. அந்த வயரிலேயே வழியில் இரண்டு விளக்கும் இன்னொரு சின்ன மோட்டாரும் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தன.

"ஏங்க, தலைமடையில இருக்கிறவன் பூரா குடிச்சிட்டுப் போனா கடைமடைக்கு என்னா வரும்? எச்சிதான் வரும். உங்க வயலுக்கு வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா மறியல் பண்றீங்க. உங்க மோட்டாருக்கு நீங்களே அதத்தான் பண்ணி வச்சிருக்கீங்க" என்று கத்தினேன்.

கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. அந்த உறுமல். ஏறுவது, முடியாமல் படுப்பது. மூன்று நாளாக நான் ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கேட்டது இதைத்தான். பேரிங்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவரை அப்படியே வயலில் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

தங்கச்சியின் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். லேப்டாப்பிலிருந்து ஒரு நீள வயர். அதன் முனையில், ஒரு வாயை நாலு வாயாக்குகிற பெட்டி. அதில் ஒரு மேஜை விளக்கு, ஒரு குட்டி மின்விசிறி, மச்சானின் போன். கடைசி ஓட்டையில், இன்னொரு நீள வயர் போட்டு, டிஸ்க்.

"இது யாரு போனு?"

"மாமாவோடது. எப்பவும் அதுலதான் போடுவாரு" என்றாள் தங்கச்சி.

தலைமடையில் மச்சான். கடைமடையில் ஆராய்ச்சி. தஞ்சாவூர்க் கடை மேஜையிலும் இதே கூட்டம்தான். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். அவள் பையில் சுருண்டு கிடந்த சாண் நீளக் குட்டி வயரை எடுத்து, டிஸ்க்கை நேராக லேப்டாப்பில் செருகச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன். சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போய் உச்சியில் நின்றது. சன்னமாக, ஒரே சீராக, புதிதாகச் சுற்றிய மோட்டார் மாதிரி ஓடியது.

முதல் வீட்டுக் கோப்புகள் தடங்கல் இல்லாமல் வந்தன. இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு. சாயந்திரத்துக்குள் ஐந்து வீடும் வந்துவிட்டது. தங்கச்சி சிரித்தே விட்டாள். ஆறாவது வீட்டைத் தொட்டாள். நின்றது. அதே பெட்டி, அதே சைக்ளிக்.

"நம்ம வீடு மட்டும் ஏன்?" என்றேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். எங்கள் வீட்டுப் பதிவுகளைக் கொட்டகையில் வைத்தே டிஸ்க்கில் ஏற்றியிருக்கிறாள். ஒரு நாள் அது ஏறிக்கொண்டிருக்கும்போதே செவலை கொம்பில் வயரை மாட்டி இழுத்து டிஸ்க்கைக் கீழே தள்ளிவிட்டது. அப்போது சுற்றிக்கொண்டிருந்த தட்டில், எங்கள் வீடு இருந்த இடத்தில் காயம் பட்டிருக்க வேண்டும். செவலையின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. சாட்சியை அழிக்கப் பார்த்திருக்கிறது.

"இதுக்கு ஒரு ப்ரோகிராம் இருக்காம்ணே. நல்லா இருக்கிற இடத்த முதல்ல எடுத்துக்கும். கெட்ட இடத்துல நின்னு மல்லுக்கட்டாது. தாண்டிப் போயிரும். எல்லாம் முடிச்சிட்டுத் திரும்பி வந்து அதக் கொஞ்சம் கொஞ்சமாச் சொரண்டிப் பாக்குமாம்."

"இதுக்கு ப்ரோகிராம் வேறயா? மிசின் அறுப்புல இதத்தான் பண்றோம். நிமிந்து நிக்கிற பயிர முதல்ல அறு. சாஞ்சு சேத்துல கெடக்கிறதக் கடைசியா ஆள விட்டு அருவாளால அறு. எல்லாம் எங்ககிட்டேர்ந்து திருடுனதுதான்."

புதனும் வியாழனும் வீட்டில் ஊரடங்கு. கரண்டு போனாலும் நிற்கக் கூடாது என்று பட்டறை பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தூக்கி வந்து லேப்டாப்புக்குக் கொடுத்தேன். மிக்சி போடக் கூடாது, கிரைண்டர் போடக் கூடாது, மேஜைப் பக்கம் யாரும் நடக்கக் கூடாது. மச்சானைப் போனோடு வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

"மாப்ள, ரெண்டு பெர்சன்டுதான் இருக்கு."

"அக்காகிட்டப் போயி சார்ஜ் போடுங்க."

அவர் போகவில்லை. போன் அணையும் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை மதியம் முடிந்தது. எங்கள் வீட்டு அறுபது நாளில் ஐம்பத்தொரு நாள் வந்துவிட்டது. ஒன்பது நாள் வரவே இல்லை. தங்கச்சி ஒரு பெரிய மூச்சு விட்டுவிட்டு, "சரி, ஓட்டிப் பாப்போம்" என்றாள்.

"இப்ப எதுக்குப் பாக்குற? அப்படியே கொண்டுபோயிக் குடு" என்றேன்.

"ஆமாம்மா, மாப்ள சொல்றதுதான் சரி" என்றார் வாசலிலிருந்து மச்சான்.

"மாடு மெல்றத என்னத்தப் பாக்குறது. வந்து சாப்புடு" என்றாள் அம்மா.

மூன்று பேரும் ஒரே பேச்சு பேசி எங்கள் வீட்டில் நான் பார்த்ததே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

படம் ஓடியது. செவலை மென்றுகொண்டிருந்தது. நல்ல வெளிச்சம். மூலையில் தேதியும் நேரமும். தங்கச்சி வேகமாக ஓட்டினாள். திடீரென்று ஒரு சேலை குறுக்கே வந்தது. அம்மா. ஒரு கையில் அகத்திக்கீரைக் கட்டு, இன்னொரு கையில் கழுநீர் வாளி. வாளியைச் செவலைக்கு முன்னால் வைத்துவிட்டு, அண்ணாந்து கேமராவைப் பார்த்து விரலை ஆட்டி, "ஏய், நீ அந்தாண்ட பாரு" என்றாள். சத்தமும் பதிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு வாயில்லா ஜீவனுக்கு வெறும் வைக்கோலு போடுவாங்களா?" என்றாள் அம்மா, இப்போதைய அம்மா. "அந்தக் கறுப்புக்கு மட்டும் கல்யாணச் சாப்பாடு. ஒரே வீட்டுல ரெண்டு மருமவளுக்கு இப்டி ஓரவஞ்சன பண்ணா ஊரு என்னா சொல்லும்?"

"கேமரா ஓடுதுன்னு தெரியாதாம்மா?" என்றாள் தங்கச்சி.

"வாய மட்டுந்தான் புடிக்கும்னு நீதானே சொன்ன."

அடுத்து மச்சான். அவர் கெட்டிக்காரர். துண்டை எடுத்துக் கேமராவின் மேல் போட்டுவிட்டார். திரை முழுவதும் சிவப்புக் கட்டம். ஆனால் உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது: "தின்னு தின்னு. நம்ம ரெண்டு பேரையும் இந்த வீட்டுல யாரு மதிக்கிறா?" பிறகு வாளி உருளுகிற சத்தம். வாசலில் மச்சான் அணைந்துபோன போனை ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாளுதாம்மா" என்றார். பதினோரு நாள் கட்டம் போட்ட திரை வந்தது.

பிறகு நான். பச்சை விளக்குக்கும் பதிவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, புண்ணாக்கை உடைத்து ஊட்டுகிறேன். ஊட்டிக்கொண்டே, "தின்னுட்டு நல்லா மெல்லு. எங்க வூட்டுப் புள்ள எண்ணிக்கிட்டு இருக்கு, சும்மா ஏமாத்தாத" என்று அதட்டுகிறேன். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாலு நாள் என்று நான் நினைத்திருந்தேன். பத்தொன்பது நாள்.

தங்கச்சி சிரிக்கவில்லை, கத்தவில்லை. நோட்டை எடுத்தாள். ஜமாபந்தியில் உட்கார்ந்த தாசில்தார் மாதிரி, ஒவ்வொரு நாளுக்கும் யார், என்ன, எவ்வளவு என்று எழுதிக்கொண்டே போனாள். ஒரே நாளில் இரண்டு பேர் போட்டதும் பல தடவை இருந்தது. எதிரே மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "நீங்க யாரும் ஒண்ணும் போடாத நாளு இருவது தேறுது. அந்த இருவது நாள்லயும் செவலை மத்த அஞ்சு வீட்டு மாடு மாதிரியேதான் மென்னுருக்கு, அது மாதிரியேதான் கறந்துருக்கு. அப்ப எங்கணக்கு சரிதான். கெடுத்தது நீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா ஒம்போது நாளு படிக்க முடியல. அதுக்குச் சாட்சி இல்ல. நீங்களாச் சொன்னாத்தான் உண்டு."

டிஸ்க் படிக்காததை நாங்கள் படிக்க வேண்டும். ஒன்பது தேதியையும் வாசித்தாள். மறுத்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

"அந்தப் புதங்கெழமையா? நாந்தான்" என்றேன். "அதுக்கு மறுநாளும் நாந்தான். எழுது."

"அந்த வெள்ளி என்னுது" என்றாள் அம்மா. "எந்த வெள்ளியா இருந்தாலும் என்னுதுன்னு போட்டுக்க. அமாவாசையும்."

மச்சான் தொண்டையைச் செருமினார். "ஞாயித்துக்கெழம நானா இருக்கும்மா. அன்னிக்கு உங்க அக்காவோட சண்ட."

ஒன்பதில் ஆறு நாள் எங்கள் கணக்கில் ஏறியது. மிச்சம் மூன்று நாளைக்கு மூவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தோம். அவள் நம்பவில்லை. அந்த மூன்றையும் சந்தேகம் என்று எழுதிக் கழித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வீடியோவையும் நோட்டையும் கொண்டுபோய் வைத்தாள். பேராசிரியர் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கேமராவைப் பார்த்து விரலை ஆட்டியது யார் என்று கேட்டிருக்கிறார். பிறகு, "ஆறாவது வீட்டுல இந்த இருபது நாள மட்டும் எடுத்துக்க. மிச்ச நாள் ஏன் தள்ளுனன்னு தெளிவா எழுதிடு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். புத்தகமாகக் கட்டி வந்தபோது எடுத்து வந்து காட்டினாள். உள்ளே ஓர் அட்டவணை. பேர் இல்லை, ஏ, பி, சி என்று மூன்று பேர். நான் சி.

"ஏன் நான் சி? அதிக நாளு போட்டவன் நாந்தானே?"

"கண்டுபுடிச்ச வரிசைண்ணே."

அம்மா ஏ. அதில் அவளுக்குப் பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறாள். வெள்ளிக்கிழமை, அமாவாசை, கழுநீர், கீரை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒத்துக்கொண்டவள். ஆனால் நெல் ஈரமாக இருந்தது என்று மட்டும் இன்று வரை ஒத்துக்கொள்ளவில்லை.